இணையவழி மருத்துவப் படிப்பின் பாடத்திட்டம் தரமானதா என்று எப்படி அறிவது?

கொழிஞ்சாம்பாறையில் செவிலியராக இருக்கும் நீங்கள், பாம்புக்கடி சிகிச்சை பற்றிய இணையவழிப் படிப்பில் சேருமுன் அதை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வீடியோவின் பளபளப்பை விடுங்கள், தேர்வைப் பாருங்கள்.

1990-இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரிந்திருத்தல், எப்படி என்று அறிந்திருத்தல், செய்து காட்டுதல், பணியிடத்தில் செய்தல். இணையப் படிப்புகள் பல முதல் படியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுகின்றன.

பாம்பின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுத்திருக்கிறதா என்று அறியும் இரத்த உறைவுச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம். 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூளில் கழுவிய குழாயிலோ எடுத்தால், உறையக்கூடிய இரத்தமும் உறையாமல் ஏமாற்றலாம். ‘எத்தனை நிமிடம்?’ என்று மட்டும் கேட்கும் தேர்வில் இந்தப் பிழை சிக்காது. நீங்கள் செய்வதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஆசிரியர் திருத்தித் தருகிறாரா என்று விசாரியுங்கள்.

டேவிட் கெர்ன் குழுவினர் மருத்துவப் பாடத்திட்டம் உருவாக்குவதற்காக 1998-இல் வெளியிட்ட ஆறு படிமுறையில் முதலிரண்டும் தேவையைக் கண்டறிவதற்கே. அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்புக்கு அரைமணி நேரமும் நம் வயல் வரப்பிலுள்ள கண்ணாடிவிரியனுக்கு இரண்டு நிமிடமும் ஒதுக்கும் படிப்பென்றால், கட்டணம் கட்டாதீர்கள்.