கோவா போவது நாலு பேர், கார்டு மட்டும் என்னுடையது!

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. கைக்கு வருவது 28,000 ரூபாய். பாலக்கோட்டில் வீட்டுக்கு 10,000, ரூம் வாடகையும் மெஸ்ஸும் 8,500, பைக் டியூ 3,400 போய்விடும். ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் அரட்டை அடித்ததில், டிசம்பர் கடைசி வாரம் கோவா என்று முடிவாகிவிட்டது. நாலு பேர், ஐந்து நாள், தலைக்கு 25,000. ஞாயிறு போக நாலு நாள் லீவு வேண்டும். என்னிடம் இருப்பது இரண்டு. கிரெடிட் கார்டும் என்னிடம் மட்டும்தான். "நீ போட்டுடு மச்சி, இஎம்ஐ ஆக்கிக்கலாம், மாசாமாசம் குடுத்துடறோம்" என்கிறார்கள். செய்யலாமா? எல்டிஏ (விடுமுறைப் பயணப் படி) என்று ஒன்று உண்டாமே, அதில் ஏதும் திரும்பக் கிடைக்குமா?

பதில்: எல்டிஏவை முதலில் முடித்துவிடுவோம். அது பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கான வரிச் சலுகை. உங்கள் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான்; ரூம், சாப்பாடு, நண்பர்கள் டிக்கெட் எதுவும் சேராது. அதைவிட, உங்கள் சம்பளத்துக்கு வருமான வரியே வராது. கட்டாத வரியில் சலுகை எங்கிருந்து வரும்?

இனி கார்டு. ஒரு லட்சத்தை 16 சதவீத வட்டியில் 12 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் சுமார் 9,070 ரூபாய். வட்டி மட்டும் 8,900 பக்கம். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. இதுகூடப் பரவாயில்லை. எல்லாச் செலவும் போக உங்களிடம் மிஞ்சுவது 6,100. வங்கி உங்களிடம் கேட்கப்போவது 9,000-க்கு மேல். மூன்று பேரும் ஒரே ஒரு மாதம் "அடுத்த வாரம் தர்றேன்டா" என்றாலே உங்களால் கட்ட முடியாது. தவறினால் அபராதம், மாதம் மூன்றரை சதவீதம் போல வட்டி. வங்கிகள் கடன் தரும் முன் பார்க்கும் சிபில் ஸ்கோர் இறங்குவதும் உங்கள் பெயரில்தான், மச்சி பெயரில் இல்லை.

நண்பர்கள் ஏமாற்றுவார்கள் என்று சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு யாருக்கும் அந்தச் செலவு செலவாகவே தெரியாது, அவ்வளவுதான். ஒகேனக்கல் போன பரிசல் காசே எனக்கு இன்னும் இருவரிடமிருந்து வரவேண்டியிருக்கிறது. ஆறு வருடம் ஆகிறது. இப்போது கேட்கவும் கூச்சம்.

அதனால் வசூலைப் பயணத்துக்கு முன்னால் வையுங்கள். இது ஆகஸ்ட். நாலு பேரும் மாதம் 4,000 வீதம், 5-ம் தேதிக்குள், இதற்கென்றே ஒதுக்கிய ஒரு சேமிப்புக் கணக்கில் போடட்டும். ஜனவரியோடு ஆறு மாதம், தலைக்கு 24,000. பயணம் பிப்ரவரியில். கோவாவில் அப்போதும் நல்ல சீசன்தான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்து எகிறிய ரூம் வாடகை இருக்காது. கார்னிவல் திருவிழா நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். டிக்கெட் போட வேண்டிய டிசம்பரில் கையில் 80,000 சேர்ந்திருக்கும்.

லீவுச் சிக்கலும் இதில் தீரும். ஆலைகளில் பொதுவாக 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேரும் ஈட்டிய விடுப்பு, புது வருடத்தில் கணக்கில் ஏறும். ஹெச்ஆரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டிசம்பரிலேயே போனால் இரண்டு நாள் சம்பளப் பிடித்தம், சுமார் 2,000 ரூபாய். உங்கள் கம்பெனியில் அட்டெண்டன்ஸ் போனஸ் இருந்தால் அதுவும் போச்சு. தலைக்கு 25,000 என்று டீக்கடையில் போட்ட கணக்கில் இதை யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதம் பாருங்கள். இப்போதே 4,000 தராதவர் பயணம் முடிந்து தரப்போவதில்லை. இரண்டு பேர்தான் மிஞ்சினால், சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கிருஷ்ணகிரி வந்து, ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாகப் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிவிடுங்கள். ஞாயிறு முழுக்கக் கடல், திங்கள் ஒரே ஒரு நாள் லீவு. கார்டு ரூமிலேயே இருக்கட்டும்.