பாதத்தை அழுத்துமுன் பாதத்தைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வசிக்கும் அன்பர்கள், பாத அழுத்தச் சிகிச்சை பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றபின், கடைப் பலகைகளில் ‘ரிஃப்லெக்சோலொஜி’ என்று எழுதியிருக்கும் இந்தக் கலையை முறையாகக் கற்று, 12 ஆண்டுகளாகச் செய்து வருகிறேன்.

கேள்வி: கடைவீதியில் பாதம் அழுத்தியவர் என் உள்ளங்காலின் நடுவில் மரக்குச்சியால் அழுத்தியபோது உயிர் போகும் வலி எடுத்தது. உடனே அவர், “உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது” என்று சொல்லிவிட்டார். அன்று முதல் எனக்கு உறக்கமே இல்லை. அது உண்மையாக இருக்குமா, அக்கா?

பதில்: அந்த வலியை வைத்துச் சிறுநீரகத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாது, தம்பி. அவர் அப்படிச் சொன்னதற்கு மூலம் இதுதான். உடலைத் தலையிலிருந்து கால்வரை பத்து நெடும் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஓரிடத்தை அழுத்தினால் அதே பகுதியின் வேறோர் இடத்து வலி குறையும் என்று 1917ஆம் ஆண்டில் எழுதியவர் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட். அதைப் பாதத்தில் விரிவாக வரைந்து, விரல் நுனிகளைத் தலைக்கும், உள்விளிம்பை முதுகெலும்புக்கும், நடுப்பாதத்தைச் சிறுநீரகத்துக்கும் உரியவையாக்கி 1938இல் நூலாகத் தந்தவர் யூனிஸ் இங்ஹம் அம்மையார். நம் நாட்டுக் கடைகளில் பழக்கமான, விரல் முட்டியாலும் குச்சியாலும் அழுத்தும் முறை, தைவானில் பணியாற்றிய சுவிஸ் பாதிரியார் ஜோசப் யூக்ஸ்டரால் பரவலாகப் புகழ் பெற்றது.

ஆனால் பாதத்திலிருந்து சிறுநீரகத்துக்கு அப்படியொரு தனிப் பாதை இருப்பதாக உடற்கூற்றியல் காட்டவில்லை. நோயாளியின் நோய் இன்னதென்று சொல்லாமல் பாதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்ன ஆய்வில், பயிற்சி பெற்றவர்களாலும் சரியாகச் சொல்ல இயலவில்லை. எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் 18 சோதனைகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட ஆய்வும், இந்த முறை எந்த நோயையும் தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடிந்தது. இந்தக் கலையை நேசிக்கும் நானே இதை எழுதுவதற்குக் காரணம், உண்மையைச் சொன்னாலும் இதன் மதிப்பு குறைந்துவிடாது என்ற நம்பிக்கைதான். பால்மரம் வெட்டி நின்று நின்று களைத்த காலை ஒருவர் அரை மணி நேரம் பரிவோடு பிடித்துவிட்டால் உடல் இளகும், மனம் அமைதியாகும், பலருக்கு உறக்கமும் வரும். உங்கள் நடுப்பாதம் வலித்ததற்குக் குச்சி அழுத்திய வேகமே போதுமான காரணம். சந்தேகம் தீர வேண்டுமானால் கிளினிக்கில் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாக இனிப்புநீர். பூங்காவில் உள்ள கூழாங்கல் பாதையில் வெறுங்காலுடன் நடந்தால் இரத்த ஓட்டம் பெருகும் என்று அண்டை வீட்டார் அழைக்கிறார்கள். அனுப்பலாமா?

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். 2019ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் இந்திய சமூகத்தில் அந்த அளவு இன்னும் அதிகம். நீண்ட நாள் உயர்ந்திருக்கும் சர்க்கரை, பாதத்து நரம்புகளை மெல்ல மெல்ல மரக்கச் செய்கிறது. வலி என்பது காவல். அந்தக் காவல் போனபின் கல் குத்தினாலும் தெரியாது, புண் பழுத்தாலும் தெரியாது.

தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஒரு பாட்டியின் பாதத்தைக் கழுவும்போது, குதிகாலில் செம்பனை மட்டையின் முள் ஒன்று ஒடிந்து நிற்பதைக் கண்டேன். இரண்டு நாளாக அதன்மேலேயே நடந்திருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை என்றார். அன்று நான் அழுத்தவே இல்லை. நேரே கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் விளக்கொளியில் விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, நகம் எல்லாவற்றையும் பார்த்த பிறகே எண்ணெயைத் தொடுகிறேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அம்மா கண்ணை மூடியிருக்க, ஒவ்வொரு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் உங்கள் சுட்டுவிரலால், அழுத்தாமல், தடவாமல், ஒன்றிரண்டு விநாடி மட்டும் தொடுங்கள். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ அவருக்குத் தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொண்டு, கிளினிக்கில் பாதப் பரிசோதனைக்குக் கேளுங்கள். அதுவரை குச்சியும் வேண்டாம், சூடான நீரில் கால் நனைப்பதும் வேண்டாம்.

கேள்வி: விரைவுப் பேருந்தில் நெடுந்தூரம் போய் வந்தபின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக வலிக்கிறது. பாதம் அழுத்தினால் வடியுமா?

பதில்: அழுத்தவே கூடாது. காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999க்கு அழையுங்கள்.

கேள்வி: நான் செம்பனைக் குலை அறுப்பவன். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் கிழிவதுபோல் வலிக்கிறது. பத்து அடி நடந்தால் குறைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம், பெரும்பாலும் உள்ளங்காலில் குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் பட்டை புண்பட்டதைக் குறிக்கும். குதிகாலை ஓங்கிக் குத்தினால் அது மோசமாகும். கட்டிலை விட்டு இறங்குமுன் கையால் விரல்களை உங்களை நோக்கி இழுத்துப் பத்து விநாடி அப்படியே வைத்திருந்து, பின் தளர்த்துங்கள். இப்படிப் பத்து முறை. மாலையில் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைப் பாதத்தின் கீழ் வைத்து உருட்டுங்கள். தேய்ந்த சப்பாத்தை மாற்றி, உள்ளே மெத்தென்ற தகடு வையுங்கள். குணமாகச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால் பொறுமை வேண்டும்.

கேள்வி: நீரிழிவையும் இருதய நோயையும் பாத அழுத்தத்தால் குணப்படுத்துவதாக ஒரு கடை துண்டறிக்கை கொடுக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

பதில்: மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய் உள்ளிட்ட 20 நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தத் துண்டறிக்கையைச் சுகாதாரத் துறையிடம் கொடுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற அப்பாவுக்குச் சரியான உறக்கம் இல்லை. நீரிழிவோ வேறு நோயோ இல்லை. நானே அழுத்திவிடலாமா, அம்மா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள், மகளே. வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவித் துடைத்து, சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உங்கள் கைக் கட்டைவிரலைப் புழு ஊர்வதுபோல் வளைத்தும் நிமிர்த்தியும், குதிகாலிலிருந்து விரல் நோக்கி மெல்ல நகர்த்துங்கள், “வலிக்கிறதா, அப்பா?” என்று இடையிடையே கேளுங்கள். முகம் சுளித்தால் அழுத்தம் அதிகம். ஒவ்வொரு பாதத்துக்கும் பத்து நிமிடம் போதும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள். நள்ளிரவில் எழுந்தால் சிமெண்டுத் தரையில் வழுக்கும்.