மகளை நீட் தேர்வுக்கு இன்னொரு வருடம் ரிப்பீட் செய்ய வைக்கலாமா?

உங்கள் மகள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். 2018-இல் நானும் அப்படித்தான் கிடந்தேன்.

அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூவில் 1200-க்கு 1089. நீட் எழுத எர்ணாகுளத்தில் சென்டர் போட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து நானும் அப்பாவும் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே போனோம். தமிழ் வினாத்தாளில் சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று இருந்தது. பழமா, விலங்கா என்று யோசித்தே நேரம் போய்விட்டது. 720-க்கு 171 வாங்கினேன்.

49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போட்டார்கள். ஜூலை 10-ஆம் தேதி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னது. அப்படியென்றால் எனக்கு 367! அம்மா கேசரி கிளறித் தெருவுக்கே கொடுத்தாள். மளிகைக் கடை அண்ணாச்சி ‘டாக்டரம்மா’ என்று கூப்பிட்டார். 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தடை போட்டது. நவம்பரில் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது.

அதற்கப்புறம் வீட்டில் ஒருவரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கோபம் இல்லை, என்ன பேசுவதென்று தெரியவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா கடன் வாங்கிக் கோச்சிங்கில் சேர்த்தார். 2019-இல் 298. சீட் கிடைக்கவில்லை. நர்சிங் படித்து இப்போது வேலையில் இருக்கிறேன்.

“படிக்காமல் விட்டுவிட்டு வினாத்தாளைக் குறை சொல்கிறாள்” என்று யாராவது எழுதுவீர்கள். இயற்பியல் எனக்கு வரவில்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ‘சீத்தா’ என் தவறு இல்லை.

உங்கள் மகளிடம் கேளுங்கள். இன்று கேட்டால் உங்களுக்குப் பயந்து சரி என்பாள். அவள் பழையபடி தட்டு நிறையச் சாப்பிட ஆரம்பித்த பிறகு கேளுங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் மருத்துவ சீட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல்தான் வந்தது, எனக்கு உதவவில்லை.

இன்னொன்று. கோச்சிங்கில் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் கேட்டால் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். மீதிப் பணம் கட்டவில்லை என்று என்னுடையதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நர்சிங் கவுன்சிலிங்குக்கு முந்தைய நாள் அம்மாவின் கம்மலை அடகு வைத்துத்தான் வாங்கி வந்தோம்.