சிவப்பு டிராகன் குட்டியைக் கொல்லலாமா?

கேள்வி: சனிக்கிழமை இரவுகளில் நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நண்பர்களுடன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம்) ஆடுகிறோம். ஐந்தாம் பதிப்பு, 2014-ல் வந்த புத்தகங்கள். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தும் ஆள். சென்னையையே வரைபடமாக வைத்துக் கற்பனை ஊர் ஒன்று செய்திருக்கிறேன். பள்ளிக்கரணை சதுப்பில் கறுப்பு டிராகன், கிண்டிக் காட்டில் பச்சை, திரிசூலம் மலையில் சிவப்பு. அந்த மலைக் குகையில் எங்கள் ஆட்கள் எடுத்த முட்டை பொரிந்து குட்டி வெளியே வந்துவிட்டது. கூட ஆடும் கல்லூரிப் பெண் அதை வளர்க்கப் போகிறேன் என்கிறாள். பலாடினாக, அதாவது சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட புனித வீரனாக ஆடும் என் பெரியப்பா மகனோ, "சிவப்பு என்றால் கேயாட்டிக் ஈவில் (ஒழுங்கற்ற தீயது). பிறவியிலேயே கெட்டது. இப்போதே வெட்டினால்தான் என் பலாடினுக்குத் தர்மம்" என்கிறார். 2003 வாக்கில் அமெரிக்காவில் படித்தபோது 3.5 பதிப்பு ஆடியவர் அவர். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், அதனால் மறுத்துப் பேச வாய் வரவில்லை. இன்னொரு நண்பர், தோலின் நிறத்தைப் பார்த்து நல்லவன் கெட்டவன் என்று சொல்லும் விதியே அசிங்கம் என்கிறார். இரண்டு வாரமாகப் பகடையை யாரும் தொடவில்லை, வாக்குவாதம்தான். யார் சொல்வது சரி? பின்குறிப்பு: வெள்ளை டிராகனைச் சென்னையில் எங்கே வைப்பது? பனிப்பிரதேசத்துக்கு நான் எங்கே போவேன்?
— பெயர் வேண்டாம், நங்கநல்லூர்

பதில்: அன்புள்ள நங்கநல்லூர் வாசகிக்கு,

குட்டியைக் கொல்ல வேண்டாம். பட்டிமன்ற நடுவர் மாதிரி கடைசி வரை இழுக்க எனக்குப் பொறுமை இல்லை, அதனால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் இதைப் படித்துவிட்டு அண்ணனிடம் போய் "பார்த்தீர்களா" என்று கேட்டுவிடாதீர்கள். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. அவர் மனத்தில் இருக்கும் புத்தகம் வேறு, உங்கள் மேஜையில் இருக்கும் புத்தகம் வேறு, அவ்வளவுதான் தகராறு.

3.5 பதிப்பின் மிருகப் புத்தகத்தில் ஒவ்வொரு ஜந்துவின் அலைன்மென்ட்டுக்கு, அதாவது குணப் பிரிவுக்கு முன்னாலும் ஒரு சொல் இருக்கும்: எப்போதும், வழக்கமாக, அடிக்கடி. சிவப்பு டிராகனுக்கு "எப்போதும் கேயாட்டிக் ஈவில்" என்று போட்டிருக்கும். அண்ணன் படித்து வளர்ந்தது அது. பலாடின் விதியும் அந்தக் காலத்தில் கறார். லாஃபுல் குட் (ஒழுங்குள்ள நல்லவர்) இல்லாதவர் பலாடினாகவே இருக்க முடியாது. தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் சக்திகள் போய்விடும். தீயவர் என்று தெரிந்தவரோடு சேர்ந்து பயணம் செய்யவும் கூடாது. அந்தக் கணக்கில் பார்த்தால், குட்டி பக்கத்தில் படுத்துத் தூங்கினாலே அண்ணனின் பலாடினுக்கு ஆபத்து. அவர் ரத்தவெறியில் பேசவில்லை, தன் பாத்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார். இது உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தாலே பாதிச் சூடு தணியும்.

அதே புத்தகத்தில் "எப்போதும்" என்பதற்கு விளக்கமும் உண்டு. பிறக்கும்போதே அந்த அலைன்மென்ட்டோடு பிறக்கும், மாறுவதும் சாத்தியம், ஆனால் அப்படி மாறுவது பத்து லட்சத்தில் ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணனுக்கு முன்பாதி நன்றாக நினைவிருக்கிறது, பின்பாதி மறந்துவிட்டது. கதையின் நடுவில் வந்து நிற்கும் குட்டி அந்தப் பத்து லட்சத்தில் ஒன்றாக இல்லாமல் வேறு எதுவாக இருக்கும்? சாதாரணக் குட்டியாக இருந்தால் அதை வைத்து இரண்டு வாரம் சண்டை நடந்திருக்குமா?

இப்போது உங்கள் 2014 புத்தகத்துக்கு வருவோம். பலாடினுக்கு அலைன்மென்ட் கட்டாயம் போய்விட்டது. அவர் எடுத்த சத்தியம்தான் அவரைக் கட்டும். தீயதை மோந்து பார்க்கும் சக்தியும் மாறிவிட்டது. அண்ணனின் பழைய பலாடின் நினைத்தபோதெல்லாம் எதிரே நிற்பவர் தீயவரா என்று பார்த்துவிடுவார். இன்றைய டிவைன் சென்ஸ் 60 அடிக்குள் இருக்கும் தேவலோகத்து ஆட்களையும், நரகத்து ஆட்களையும், செத்தும் நடமாடும் பிணங்களையும்தான் காட்டும். டிராகன் அதில் இல்லை. டிடெக்ட் ஈவில் அண்ட் குட் மந்திரத்தின் பட்டியலிலும் இல்லை. அண்ணனின் பலாடின் விடிய விடியக் குட்டியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் ஒன்றும் தெரியாது. கெட்டதா இல்லையா என்று எல்லோரையும் போல அதன் நடத்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்தாம் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான் என்று சொல்வேன்.

அதே 2014 விளையாட்டாளர் கையேட்டில் அலைன்மென்ட் பற்றிய பக்கத்தை அண்ணனோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். நரகத்துப் பிசாசு லாஃபுல் ஈவிலாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பதில்லை, அதன் இயல்பே அது, அந்தக் குணம் போனால் அது பிசாசாகவே இருக்காது என்கிறது புத்தகம். யோசிக்கும் திறன் இல்லாத உயிர்களுக்கோ அலைன்மென்ட்டே கிடையாது. புலி மனிதனைத் தின்றால் அது தீயசெயல் ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது உங்கள் குட்டி. அதன் புத்தி 12. சராசரி மனிதனுக்கு 10 தான். முட்டையிலிருந்து வந்த கையோடு உங்கள் ஊர்க் காவலரைவிடக் கூர்மையாக யோசிக்கிற ஒன்றுக்குத் தேர்வு செய்யத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? புத்தகம் அதற்குக் கேயாட்டிக் ஈவில் என்று போட்டிருப்பது பொதுவான இயல்பை. இந்தக் குட்டி என்ன செய்யும் என்பது உங்கள் கையில் இருக்கிறது, டிஎம் அவர்களே. தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று மிருகப் புத்தகமே முன்னுரையில் அனுமதி கொடுக்கிறது.

இந்த அலைன்மென்ட் கட்டங்களை யாரும் கல்லில் செதுக்கி வைக்கவில்லை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் முதல் பதிப்பைக் கொண்டுவந்தபோது ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே பக்கங்கள்தான். நல்லது, தீயது என்ற இன்னொரு அச்சு பிறகு வந்து சேர்ந்து ஒன்பது கட்டமானது. முதல் புத்தகத்தில் உலோக டிராகன்களில் தங்கம் மட்டும்தான் இருந்தது. வெள்ளி, வெண்கலம், செம்பு, பித்தளை எல்லாம் 1975-ல் வந்த இணைப்பில் சேர்ந்தவை. 1981-ன் எளிய பதிப்பில் நீலமும் வெள்ளையும் நடுநிலை! அந்தப் புத்தகத்தில் படித்த ஒருவர் உங்கள் மொட்டை மாடிக்கு வந்தால் நாலாவது கட்சி கிளம்பிவிடும். 2004-ல் இதே ஆட்டத்துக்கு வந்த எபெரான் என்ற கற்பனை உலகத்தில் நிறத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வெட்டிவிட்டார்கள். பழைய விதிகளில் டிராகனை அடித்து அடக்கிச் சந்தையில் விற்கக்கூட வழி இருந்தது. அது எந்தக் கட்டத்துத் தர்மம் என்று அண்ணனைக் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர் ஆட்களை அந்த ஒன்பது கட்டத்தில் உட்காரவைத்துப் பார்த்தால் சங்கடம் இன்னும் நன்றாகத் தெரியும். கும்பகர்ணன் எங்கே போவான்? அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அந்த அண்ணனுக்காகவே போய்ச் செத்தான். விபீஷணன் நல்ல பக்கம் போனான், ஆனால் குலத்தையும் அண்ணனையும் விட்டுவிட்டுப் போனான். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், இருவரும் அரக்கர்தான். பிறப்பை மட்டும் வைத்துச் சீட்டு ஒட்டுவதாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே சீட்டு. அப்புறம் கதை எதற்கு?

சரி, அண்ணனிடம் எப்படிப் பேசுவது? எல்லோர் முன்னாலும் வேண்டாம். மூத்தவரைச் சபையில் திருத்தினால் விதி யார் பக்கம் இருந்தாலும் அவர் இறங்கி வர மாட்டார். சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் தனியாகப் பிடித்து, "அண்ணா, நீங்க சொல்ற விதி 3.5-ல் சரிதான். ஆனா நான் நடத்தறது ஐந்தாம் பதிப்பு. என் உலகத்துல டிராகனோட நிறம் அது எதை ஊதும், எங்கே வாழும்னு சொல்லும். நல்லதா கெட்டதான்னு சொல்லாது. குட்டி பக்கத்துல இருந்தா உங்க பலாடினோட சத்தியம் உடையாது, அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியம் முக்கியம். அவருக்கு வேண்டிய உத்தரவாதம் அதுதான். கற்றுக்கொடுத்தவர் என்ற மரியாதை எங்கும் போகாது. ஆனால் மேஜையில் டிஎம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

அந்த நிறம் விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், மூன்றாவது நண்பருக்கும் சேர்த்து. நிறத்தை அடியோடு எடுத்துவிடாதீர்கள். சிவப்பென்றால் நெருப்பு, நீலமென்றால் மின்னல், கறுப்பென்றால் அமிலம், பச்சையென்றால் விஷப்புகை, வெள்ளையென்றால் உறைபனி. ஆடுபவர்கள் தூரத்தில் பார்த்ததும் எதற்குத் தயாராக வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது நியாயமான குறிப்பு. அதைப் பறித்தால் ஆட்டம் குருட்டாட்டம் ஆகிவிடும். ஆனால் நண்பரின் உறுத்தலைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. கறுப்பு வெளியே அரசியல் நிறமாகவும், வீட்டில் கல்யாணப் பேச்சில் குறையாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் ஊரில் வளர்ந்தவர்கள் நாம், "கறுப்பு, ஆகவே தீயது" என்று வாசித்தால் முகம் சுளிக்கத்தான் செய்யும். ஐந்து நிறங்களில் வெள்ளைக்குத்தான் மூளை மிகக் கம்மி என்று உங்கள் மிருகப் புத்தகம் சொல்வதை அவருக்கு ஆறுதலாகக் காட்டுங்கள். பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தைப் போடுபவர்கள் 2023-ல் திருத்திய பதிப்பில் அலைன்மென்ட்டையே தூக்கிவிட்டார்கள் என்பதும் அவருக்குச் சந்தோஷம் தரும். நீங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

கல்லூரிப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை உண்டு. வளர்க்கப் போகிறேன் என்கிறாளே, அதனால் "குட்டி பாவம்" என்கிற கட்சி என்று ஊகிக்கிறேன். அது தெருவில் எடுத்த நாய்க்குட்டி போல வாலாட்டிக்கொண்டு வளரப்போவதில்லை. 75 உயிர்ப்புள்ளி, மூச்சில் 7 ஆறுமுகப் பகடை நெருப்பு, சராசரியாக 24. உங்கள் கூட்டம் மூன்றாம் நிலையில் இருந்தால் மந்திரவாதி ஒரே தும்மலில் கருகிவிடுவார். ஐந்து வயது வரை குட்டி, ஆறிலிருந்து நூறு வரை இளம் டிராகன், அப்புறம் எண்ணூறு வரை வளர்ந்த டிராகன். அவள் பேத்தி கிழவியாகும்போது அது இளமையில் இருக்கும்.

குட்டியை நல்லதாக மாற்றுகிறேன் என்று அதன் குணத்தைத் துடைத்துவிட்டு உட்காராதீர்கள். அதுதான் புதிய டிஎம்கள் விழும் பள்ளம். சிவப்பு டிராகனுக்குப் பேராசை, கர்வம், தான்தான் ராஜா என்ற நினைப்பு. அதெல்லாம் இருக்கட்டும். முதல் வாரமே அண்ணனின் பலாடின் வைத்திருக்கும் வெள்ளிச் சின்னத்தைத் திருடி, அதன்மேல் படுத்துக்கொள்ளட்டும். கேட்டால் தர மாட்டேன் என்று டிராகோனிக் மொழியில் உறுமட்டும். அந்தக் குட்டிக்கு எது சொத்து, யாருடையது எது என்று யார் சொல்லித் தருவது? அண்ணனிடமே அந்த வேலையைக் கொடுங்கள். வெட்டத் துடித்த கையில்தான் வளர்ப்பு வந்து விழ வேண்டும், அப்போதுதான் அவருக்கு ஆட்டம் சுவைக்கும். அவள் செல்லம் கொடுக்கட்டும், அவர் கண்டிக்கட்டும். நம் வீடுகளில் நடக்காததா?

அதன் பிறகு ஒரு தங்க டிராகனை இறக்குங்கள். மனித உருவில், பரங்கிமலைப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் மரியாதையான பெரியவராக. லாஃபுல் குட், அதில் சந்தேகமே வேண்டாம். அவர் வந்து அமைதியாகக் கேட்கட்டும்: இந்தக் குட்டியின் தாய் முப்பது கிராமங்களை எரித்தவள், இதுவும் எரிக்கும், என்னிடம் கொடுங்கள், வலியில்லாமல் முடித்துவிடுகிறேன். அவர் சொல்வது பொய்யாக இருக்கக் கூடாது, கிராமங்கள் உண்மையிலேயே எரிந்திருக்க வேண்டும். சாட்சிக்கு இரண்டு அகதிகளை அழைத்து வாருங்கள். இரண்டு வாரத்துக்கு முன் தான் சொன்ன அதே வாதத்தைத் தங்க டிராகன் வாயில் கேட்கும்போது அண்ணனின் பலாடின் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் குட்டியைக் கொடுத்துவிட்டாலும் அதுவும் நல்ல கதைதான், தடுக்காதீர்கள். பகடையைக் கொடுத்துவிட்டு நீங்கள் காபி குடிக்கலாம்.

பின்குறிப்புக்கு வருகிறேன். வெள்ளை டிராகனுக்கு இடம் இல்லையா? மெரினா கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே! இன்று விவேகானந்தர் இல்லம். 1842-ல் பிரெடெரிக் டூடரின் கம்பெனி அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டியது. கப்பல் பனிக்கட்டிக்குள் உறைந்தபடியே ஒரு வெள்ளை முட்டை வந்து சேர்ந்தது, வைக்கோலுக்கும் மரத்தூளுக்கும் அடியில் பொரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணியில் சித்திரை வெயிலில் உறைபனி விழுந்தால் உங்கள் ஆட்கள் தேடிப் போகாமல் இருப்பார்களா? வெள்ளைக் குட்டிக்கு 32 உயிர்ப்புள்ளிதான், மூன்றாம் நிலைக் கூட்டம் தாங்கும். புத்தி 5, டிராகோனிக் மட்டும் பேசும். சிவப்புக் குட்டியை மொழிபெயர்ப்புக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.