புகையால் மூடிய நாட்களுக்குச் சம்பளம் உண்டா?

தொழிலாளர் சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையில் 6 வருடமாக நிரந்தரத் தொழிலாளி. மொத்தம் 120 பேர். செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்டில் (காலை 6 முதல் 2 வரை) 11 மணிக்குப் பக்கத்து ஆலையில் தீப்பிடித்து, புகை எங்கள் பிளாண்ட் வரை வந்துவிட்டது. சைரன் அடித்துக் கேட்டருகே நிறுத்தினார்கள், 1.30க்குத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதன் முதல் சனி வரை ஆலை மூடல். இப்போது செவ்வாய்க்கு அரை நாள் பிடித்தம், மற்ற 4 நாளுக்குப் பாதிச் சம்பளம் என்கிறார்கள். அதுவும் வேண்டாமென்றால் ஈட்டிய விடுப்பில் கழிக்க எழுதிக் கொடுக்கச் சொல்கிறது ஹெச்.ஆர். எது சரி?
*– வாசகர், குடிகாடு*

பதில்: செவ்வாயையும் மற்ற 4 நாட்களையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டதுதான் உங்கள் ஹெச்.ஆர் செய்த கோளாறு.

செவ்வாய் லே-ஆஃப் (ஆளை நீக்காமல், வேலை தர முடியாமல் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) நாளே அல்ல. வேலைக்கு வந்து நின்றவருக்கு 2 மணி நேரத்துக்குள் வேலை தராவிட்டால்தான் அன்றைக்கு லே-ஆஃப். உங்களுக்கு 6 மணிக்கே வேலை தந்துவிட்டார்கள். நடுவில் வேலை நின்றால் என்ன செய்வது என்பது நிலையாணைகளில் (ஆலையின் பணி விதிகள்) இருக்கும். மாதிரி நிலையாணைப்படி தீ, மின்தடை போன்றவற்றால் வேலை நின்று தொழிலாளியைக் காத்திருக்க வைத்தால், 1 மணி நேரம் வரை சம்பளம் இல்லை. அதைத் தாண்டினால் காத்திருந்த நேரம் முழுவதற்கும் சம்பளம் உண்டு. நீங்கள் காத்திருந்தது இரண்டரை மணி நேரம். ஆக 6 முதல் 1.30 வரை கூலி வந்தாக வேண்டும். வழக்காட மிச்சமிருப்பது கடைசி அரை மணி நேரம் மட்டுமே. உங்கள் ஆலையின் சான்றளிக்கப்பட்ட நிலையாணையில் 'வேலை நிறுத்தி வைத்தல்' என்ற பகுதியை ஒருமுறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதன் முதல் சனி வரை லே-ஆஃப் கணக்கு. 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலை, பதிவேட்டில் பெயர், ஓராண்டுத் தொடர் பணி (12 மாதத்தில் 240 நாள்) ஆகிய மூன்றும் இருந்தால் அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 50 சதவீதம் இழப்பீடு. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்ததும் இதுதான், 21.11.2025 முதல் அமலான தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இதுவே தொடர்கிறது.

தவறு நடப்பது 'பாதி' என்ற இடத்தில்தான். அடிப்படை 9,000, பஞ்சப்படி 5,000 என்று வையுங்கள். 14,000ஐ வழக்கம்போல் மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் நாளுக்கு 538.46, பாதி 269.23, 4 நாளுக்கு 1,076.92 ரூபாய். பல சம்பளப் பிரிவுகள் பஞ்சப்படியை விட்டுவிட்டு 9,000ஐ மட்டும் எடுக்கும். அப்போது 692.31தான் வரும். 384 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும்.

முழுச் சம்பளம் கேட்கவும் வழி இருக்கிறது. லே-ஆஃபுக்குச் சட்டம் சொல்லும் காரணங்கள் நிலக்கரி, மின்சாரம் அல்லது மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைப் பேரிடர், இவற்றோடு தொடர்புடைய வேறு காரணம். 'தானே' போன்ற புயலால் மூடினால் அது இயற்கைப் பேரிடர். பக்கத்து ஆலையின் ரசாயனப் புகை எப்படி இயற்கைப் பேரிடர் ஆகும்? 'தொடர்புடைய வேறு காரணம்' என்று நிர்வாகம் சொல்லிப் பார்க்கும். அது மேலே உள்ள பட்டியலோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பது உங்கள் வாதம். அந்த நாட்களில் சிப்காட்டில் மின்சாரத்தைத் துண்டித்திருந்தால் மட்டும் இந்த வாதம் வலுவிழக்கும். 300 பேருக்குக் குறையாத ஆலைகளில் (பழைய சட்டத்தில் 100 பேர்) மின் தட்டுப்பாடு, இயற்கைப் பேரிடர் தவிர மற்றக் காரணங்களுக்கு அரசின் முன் அனுமதி இல்லாமல் லே-ஆஃப் செல்லாது. செல்லாத லே-ஆஃபுக்கு முழு ஊதியம். 120 பேர் உள்ள உங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இப்போது இல்லை. புதிய சட்டத்தில் தொழிலாளி இழந்தது இது.

ஈட்டிய விடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த விடுப்பு நீங்கள் கேட்டு எடுப்பது. நிர்வாகத்தின் வசதிக்காக நீங்கள் கேட்டதாக எழுதித் தருவது, இழப்பீட்டை நீங்களே விட்டுக்கொடுப்பதாகும்.

இன்னொன்று: லே-ஆஃப் நாளில் தினமும் ஒருமுறை வேலை நேரத்தில் வந்து ஆஜராகாதவருக்கு இழப்பீடு இல்லை. 'வர வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தால் தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னார்கள் என்றால், பிற்பாடு "நீங்கள் வரவில்லையே" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். அடுத்த முறை டைம் ஆபீசில் பதிவு கேளுங்கள். தராவிட்டால் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

கணக்கை ஒரு தாளில் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். அடுத்த மாதம் 7ஆம் தேதிச் சம்பளத்தில் சேராவிட்டால் கடலூர் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். பணத்தை வசூலிக்கும் மனுவுக்கு ஓராண்டுதான் கெடு; பேச்சுவார்த்தையிலேயே அதைக் கடத்திவிடாதீர்கள்.

கேள்வி: புகை வந்தும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. நாங்கள் 15 பேர் சேர்ந்து வெளியே வந்துவிட்டோம். 8 நாள் சம்பளம் பிடிப்போம் என்கிறார்கள். முடியுமா?
*– வாசகர், மேட்டுப்பாளையம், புதுச்சேரி*

பதில்: வெறும் மிரட்டல் என்று தள்ள முடியாது. 10 பேர் அல்லது அதற்கு மேல் கூட்டாக, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராமல் இருந்தால், வராத நாளுக்கு மேல் 8 நாள் ஊதியம் வரை பிடிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உங்களைக் காப்பது 'நியாயமான காரணம்'. அதற்குச் சான்று வேண்டும்: யாருக்குக் கண் எரிச்சல், யாருக்கு மூச்சுத்திணறல், இஎஸ்ஐ மருந்தகத்திலோ அரசு மருத்துவமனையிலோ அன்றே எடுத்த புறநோயாளிச் சீட்டு, புகையின் படம். உடனடி ஆபத்து என்று அஞ்சினால் நிர்வாகத்துக்கும், அதே நேரத்தில் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வெளியே வருவதற்கு முன் ஷிப்ட் இன்சார்ஜுக்கு "புகையால் மூச்சு முட்டுகிறது, வெளியேறுகிறோம்" என்று ஒரு வரிச் செய்தி அனுப்பினாலே வழக்கின் நிறம் மாறிவிடும். இனிமேல் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: என் மகன் கலிஃபோர்னியாவில் ஒரு கிடங்கில் மணிக்கணக்குச் சம்பளத்தில் இருக்கிறான். காட்டுத்தீப் புகையால் இரண்டு நாள் மூடினார்கள், சம்பளம் இல்லையாம். அங்கே சட்டமே இல்லையா?
*– வாசகர், லாஸ்பேட்டை*

பதில்: இருக்கிறது, ஆனால் இங்கே உள்ளதுபோல் லே-ஆஃப் இழப்பீடு கிடையாது. மணிக்கணக்குக்காரருக்கு வேலை செய்த மணிக்குத்தான் கூலி. குறித்த ஷிப்டுக்கு வந்த பிறகு திருப்பி அனுப்பினால் அந்த ஷிப்டில் பாதி நேரத்துக்கு, குறைந்தது 2 மணி, அதிகபட்சம் 4 மணி நேரக் கூலி உண்டு. அரசு அதிகாரிகள் வேலையை நிறுத்தச் சொல்லியிருந்தால் அதுவும் இல்லை. மிகைநேரச் சட்டத்துக்கு உட்படாத மாதச் சம்பளக்காரர்களின் நிலை வேறு: அந்த வாரத்தில் கொஞ்சமாவது வேலை செய்திருந்தால் வாரச் சம்பளம் முழுதும் வர வேண்டும். உங்கள் மகன் அந்த இரண்டு நாளும் வீட்டிலிருந்து கிளம்பாவிட்டால் கேட்க அதிகம் இல்லை.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை. ஃபெஞ்சல் புயலுக்குக் கடை மூடியபோதும் சம்பளம் பிடித்தார்கள். கடை ஊழியர்களுக்கு அந்த 50 சதவீத லே-ஆஃப் இழப்பீடு உண்டா?
*– வாசகி, முத்தியால்பேட்டை*

பதில்: அந்த 50 சதவீதம் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டுமே, கடைக்கு இல்லை. அதற்காகக் கடைக்காரர் இஷ்டம்போல் பிடிக்கலாம் என்றாகாது. வேலை ஒப்பந்தத்திலோ நிலையாணையிலோ அதிகாரம் இல்லாத முதலாளி லே-ஆஃப் செய்ய முடியாது என்று ஃபயர்ஸ்டோன் வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே நியமனக் கடிதத்தைப் பாருங்கள். அதில் அப்படி ஒரு வரி இல்லையென்றால், மாதச் சம்பளத்தில் பிடித்ததைத் திரும்பக் கேட்டுத் தொழிலாளர் துறையில் மனு செய்யலாம். கடிதமே தரவில்லை என்றால் வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஒரே தொகை வந்த பதிவே மாதச் சம்பளத்துக்குச் சான்று. பிடித்த மாதத்துக்கு முந்தைய 6 மாதப் பதிவை எடுத்து மனுவோடு இணையுங்கள்.