மங்கு போய்த் திரும்பி வந்தால்?

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னம் இரண்டிலும், மூக்கின் மேலும் பழுப்பாகத் திட்டு விழுந்துவிட்டது. மங்கு என்கிறார் மாமியார். ஜாதிக்காய் இழைத்துப் போட்டதில் எரிச்சல்தான் மிச்சம். மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள், 20 நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் முன்னைவிடக் கறுப்பாக வந்திருக்கிறது. மறுபடி அதையே போடலாமா? (வாசகி, தேனி)

பதில்: வேண்டாம். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், மாமியார் சொன்னது சரியாகத்தான் இருக்கும். மருத்துவர்கள் மெலாஸ்மா என்பது இதைத்தான். கர்ப்ப காலத்தில் ஏறும் ஹார்மோன்கள் தோலில் நிறமி செய்யும் செல்களைத் தூண்டிவிடும், அப்புறம் வெயில் பட்டாலே அந்த இடம் கறுக்கும். கருத்தடை மாத்திரையும் சிலருக்கு இதே வேலையைச் செய்யும், சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜாதிக்காய், எலுமிச்சை எதுவும் இனி வேண்டாம். நம் மாநிறத் தோலில் எரிச்சல் ஆறினாலும் அதன் கறை நின்றுவிடும்.

அந்த ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், கூடவே மொமெட்டசோன் என்று இருக்கும் என்பது என் ஊகம். மூன்றாவது, ஸ்டீராய்டு. மருத்துவர் கணக்குப் பார்த்துச் சில வாரங்களுக்கு எழுதித் தரும் மருந்தை, சீட்டு இல்லாமல் விற்கவே கூடாததை, ஏதோ ஃபேஸ் கிரீம் மாதிரி எடுத்து நீட்டுகிறார்கள், நாமும் வாங்கி வந்து மாதக்கணக்கில் பூசுகிறோம். தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்து, பருவும் கன்னத்தில் முடியும் வந்த பிறகுதான் மருத்துவரிடம் ஓடுவது. ட்யூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள், பால் கொடுப்பதையும் சொல்லுங்கள்.

அதுவரை சன்ஸ்கிரீன், வெயிலைத் தடுக்கும் அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையாமல். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும், பட்டாணி அளவு பூசிவிட்டுப் பலனில்லை என்றால் எப்படி? கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்குத் திட்டைக் கூட்டும் என்பதால் அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, லேசாக நிறம் உள்ளதாக வாங்குங்கள். வடாம் காயவைக்க மொட்டை மாடிக்குப் போகிற 10 நிமிஷமும் வெயில்தான். மறைய மாதங்கள் ஆகும், சிலருக்குத் திரும்பவும் வரும்.

கேள்வி: 14 வயது மகனின் பின்கழுத்துக் கறுப்பு எவ்வளவு தேய்த்தும் போகவில்லையே? (வாசகர், கரூர்)

பதில்: பாவம், தேய்க்காதீர்கள், அது அழுக்கே இல்லை. வெல்வெட் போலத் தடித்து, அக்குளிலும் இருந்து, எடையும் கூடுதல் என்றால் பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக எடுபடவில்லை என்று பொருள். கிரீம் வாங்குவதற்கு முன் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.