கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞர்

கேள்வி: டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் பிளேனோவில் குடியிருக்கிறேன். வயது 41, எச்-1பி விசா. சுமார் 600 பேர் உள்ள கம்பெனியில் ஆறு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஒவ்வொரு வருடமும் நல்ல ரேட்டிங்தான். புது மேனேஜர் வந்தபிறகு எல்லாம் மாறியது. மீட்டிங்கில் என் ஆங்கில உச்சரிப்பைப் பேசிக் காட்டுவார். இந்தியர்களுக்கு லீட் வேலை சரிப்படாது என்று இரண்டு பேர் முன்னால் சொன்னார். செப்டம்பர் 15 அன்று லீட் பதவியை என்னைவிட அனுபவம் குறைந்தவருக்குக் கொடுத்தார்கள். அக்டோபர் 7 அன்று ஹெச்ஆருக்கு மெயில் போட்டேன். நவம்பர் 25 அன்று என்னை பிஐபியில், அதாவது கெடு வைத்து வேலைத்திறனை மேம்படுத்தச் சொல்லும் திட்டத்தில், போட்டார்கள். மார்ச் 4 அன்று வேலை போகிறது என்றார்கள். மார்ச் 13 கடைசி நாள். அன்று ஒரு ஒப்பந்தம் கொடுத்து, கையெழுத்துப் போட்டால் எட்டு வாரச் சம்பளம், 21 நாளில் பதில் சொல்லுங்கள் என்றார்கள். கணவரும் மகளும் என்னைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறார்கள். எனக்கு வழக்கறிஞர் தேவையா? நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? வேலையில்லாத நேரத்தில் கட்டணம் எப்படிக் கொடுப்பது? வழக்குப் போட்டால் கிரீன் கார்டு கெட்டுவிடுமா?

பதில்: தேவை. இந்த வாரமே தேவை. நான் இங்கே எழுதுவது பொதுவான விளக்கம்தான்; உங்கள் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தவர் சொல்லும் ஆலோசனைக்கு இது ஈடாகாது. ஆனால் அவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

முதலில் அந்த 21 நாள். கம்பெனி அதைத் தாராள மனதோடு தரவில்லை. நாற்பது வயது கடந்தவரிடம் வயதுப் பாகுபாடு குறித்த உரிமையை எழுதி வாங்க வேண்டுமானால் 21 நாள் யோசிக்க விட வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெற இடம் தர வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும்படி எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 1990-ம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஒப்பந்தத்தைத் திருப்பிப் பாருங்கள், அந்த வரி அநேகமாக அதிலேயே இருக்கும். மார்ச் 13-லிருந்து எண்ணினால் ஏப்ரல் 3 வரை நேரம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகும் வேலைப் பாகுபாட்டை விசாரிக்கும் அரசு ஆணையத்தில் புகார் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்தப் புகாரால் உங்கள் கைக்குப் பணம் வரும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். எட்டு வாரச் சம்பளத்துக்கு நீங்கள் விற்கப்போவது வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கும் உரிமையைத்தான். அதன் மதிப்பு தெரியாமல் விற்காதீர்கள்.

அனுபவமுள்ள வழக்கறிஞர் என்றால் யார்? உங்கள் கடிதத்தையே வைத்துச் சொல்கிறேன். பழக்கமில்லாத ஒருவர் இதைப் படித்தால் "அநியாயம், வழக்குப் போடலாம்" என்பார். வேலைப் பாகுபாட்டு வழக்குகளிலேயே பல வருடம் கிடந்தவர் உடனே காலண்டரை எடுப்பார். டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனில் புகார் கொடுக்க 180 நாள்தான். மத்தியச் சட்டமான 1964-ம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு, அதாவது இஇஓசிக்கு, 300 நாள். ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிக் கணக்கு. லீட் பதவி போன செப்டம்பர் 15-க்கு மாநிலக் கெடு மார்ச் 14 அன்றே முடிந்துவிட்டது. மத்தியக் கெடு ஜூலை 12 வரை உண்டு. வேலை நீக்கத்துக்கு மாநிலக் கெடு ஆகஸ்ட் 31. இதை மார்ச் 13-லிருந்து எண்ணிவிடாதீர்கள். முடிவை உங்களிடம் சொன்ன மார்ச் 4-லிருந்துதான் கடிகாரம் ஓடுகிறது. கடைசி நாளிலிருந்து எண்ணி ஒன்பது நாள் வித்தியாசத்தில் வழக்கை இழப்பது என்பது நினைத்துப் பார்க்கவே வேதனையான விஷயம்.

இன்னொரு பொறி. இஇஓசி இணையதளத்தில் ஒரு விசாரணைப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, புகார் கொடுத்தாகிவிட்டது என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது வெறும் விண்ணப்பம். ஆணையம் தயாரிக்கும் முறையான புகாரில் நீங்கள் கையெழுத்திட்டால்தான் அது புகார். பிறகு ஒரு நாள் வழக்குத் தொடரும் உரிமைக் கடிதம் வரும். அது கிடைத்த 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும்.

அடுத்து அவர் கேட்கப்போகும் கேள்வி: அக்டோபர் 7 மெயிலில் என்ன எழுதினீர்கள்? பழிவாங்கல் வழக்கின் உயிரே அந்த மெயில்தான். "மேனேஜர் என்னிடம் நியாயமாக நடக்கவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் சட்டப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். உச்சரிப்பை, இந்தியர் என்ற பேச்சைக் குறிப்பிட்டிருந்தால் அது பாகுபாட்டுப் புகார், அதற்காகப் பழிவாங்குவது சட்டவிரோதம். மெயிலுக்கும் பிஐபிக்கும் இடையே சரியாக ஏழு வாரம். அது உங்களுக்குச் சாதகம். ஆனால் கால நெருக்கம் மட்டும் போதாது. புகார் கொடுத்திராவிட்டால் வேலை போயிருக்காது என்று நிரூபிக்க வேண்டும் என்பது 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே உங்கள் டல்லாஸில் உள்ள பல்கலைக்கழக மருத்துவ மையத்திலிருந்து போனதுதான். அதனால் பழைய நல்ல ரேட்டிங்குகள், மற்றவர்களை பிஐபியில் போட்டார்களா, போட்டால் எவ்வளவு நாள் கொடுத்தார்கள் என்றெல்லாம் அவர் தோண்டுவார். உச்சரிப்பு விஷயத்தில் கம்பெனி என்ன சொல்லும் என்பதும் அவருக்குத் தெரியும்: வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது என்பார்கள். ஆறு வருடம் அதே உச்சரிப்போடு நல்ல ரேட்டிங் வாங்கியவர் நீங்கள் என்பதுதான் அதற்குப் பதில்.

அப்புறம், நல்ல வழக்கறிஞர் 1866-ம் ஆண்டுச் சட்டத்தையும் மறக்க மாட்டார். அடிமைமுறை ஒழிந்த கையோடு வந்த சட்டம் அது. இனம், வம்சாவளி காரணமாக ஒப்பந்தத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது, வேலையும் ஒப்பந்தம்தான். அதற்கு ஆணையத்தில் புகார் வேண்டாம், நான்கு வருடக் கெடு, இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் கிடையாது. 1964-ம் ஆண்டுச் சட்டத்தில் வரம்பு உண்டு: 500 பேருக்கு மேல் உள்ள கம்பெனி என்றால் மன வேதனைக்கும் தண்டனைத் தொகைக்கும் சேர்த்து 3,00,000 டாலர், இழந்த சம்பளம் தனி. ஆனால் எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பது மட்டும் காரணம் என்றால் பழைய சட்டம் உதவாது. வம்சாவளியைக் காட்ட வேண்டும். மேனேஜர் சொன்ன சொற்களை ஞாபகம் உள்ளபடி அப்படியே எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? கோவிலில், தமிழ்ச் சங்கத்தில் விசாரித்தால் யாராவது ஒரு பெயர் சொல்வார்கள். வீடு வாங்கும்போது உதவியவராக இருக்கலாம், விசா பார்த்தவராக இருக்கலாம். அவர் நல்லவர்தான், ஆனால் இந்த வேலைக்கு அவர் சரிவர மாட்டார். டெக்சாஸில் ஒரு வசதி இருக்கிறது. டெக்சாஸ் போர்டு ஆஃப் லீகல் ஸ்பெஷலைசேஷன் என்ற அமைப்பு, தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்புச் சட்டத்தில் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். ஆனால் சான்றிதழ் பெற்றவர்களில் நிறைய பேர் கம்பெனிகளுக்காக வாதாடுபவர்கள். நேஷனல் எம்ப்ளாய்மெண்ட் லாயர்ஸ் அசோசியேஷன் தொழிலாளர் பக்கம் வாதாடுபவர்களின் சங்கம். அந்தப் பட்டியலையும் இதையும் ஒப்பிட்டு மூன்று பெயரை எடுங்கள். வழக்கறிஞர்களின் மாநில மன்றமான டெக்சாஸ் பார் இணையதளத்தில் அவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று பாருங்கள். மத்திய நீதிமன்ற ஆவணங்கள் பேசர் என்ற தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணத்தில் கிடைக்கின்றன. அங்கே அவர் நடத்திய வழக்குகளைப் பார்த்தால், யாருக்காக வாதாடினார், ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) முன் விசாரணை வரை போனாரா என்பது தெரிந்துவிடும்.

முதல் சந்திப்பில் அவரை நீங்களும் நேர்காணல் செய்யுங்கள். என் வழக்கை நீங்களே நடத்துவீர்களா, வேறு ஜூனியரா? கடைசியாக எப்போது விசாரணை நடத்தினீர்கள்? இதெல்லாம் கேட்கலாம். ஆனால் நான் அதிகம் நம்பும் கேள்வி ஒன்றுதான்: "என் வழக்கில் எது பலவீனம்?" இதற்கு அவர் சட்டென்று, குறிப்பாக, உங்களுக்குப் பிடிக்காத ஒரு பதிலைச் சொன்னால் அவரை வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிக்கு உத்தரவாதம் கொடுப்பவரையும், அன்றே கையெழுத்துக் கேட்பவரையும் விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கட்டணம். ஜெயித்தால் பங்கு என்று கேட்கும் வக்கீலை ஊரில் சந்தேகமாகப் பார்ப்போம். இந்திய பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. இங்கே அது சட்டப்படியான, வழக்கமான முறை. வருவதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை கேட்பார்கள். டெக்சாஸில் அந்த ஒப்பந்தம் எழுத்தில், இருவரும் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். அதில் கவனிக்க வேண்டியது செலவுத் தொகை: சாட்சிகளின் வாக்குமூலப் பிரதி, நிபுணர் கட்டணம் போன்றவற்றை யார் தாங்குவது, பங்கு கணக்கிடும் முன் கழிப்பார்களா பின் கழிப்பார்களா, தோற்றால் அந்தச் செலவு யாருடையது. ஜெயித்தால் உங்கள் வழக்கறிஞர் கட்டணத்தைக் கம்பெனி தர நீதிமன்றம் உத்தரவிடலாம். தோற்றால் அவர்கள் வழக்கறிஞர் கட்டணம் உங்கள் தலையில் விழுவது அடிப்படையே இல்லாத வழக்கில்தான். நீதிமன்றச் செலவு கொஞ்சம் வரலாம். இப்போதைக்கு செவரன்ஸ் ஒப்பந்தத்தை, அதாவது எட்டு வாரச் சம்பளம் தரும் அந்த ஒப்பந்தத்தை, பார்த்துப் பேச மட்டும் மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்தும் ஒருவரை அமர்த்தலாம். வாரங்களைக் கூட்டித் தரச் சொல்வது, பாதகமில்லாத ரெஃபரன்ஸ் கேட்பது எல்லாம் அந்தப் பேச்சில் நடக்கும்.

விசா பற்றி நீங்கள் எழுதியிருந்த பயம் எனக்குப் புரிகிறது. மூன்று பேரின் வாழ்க்கை உங்கள் வேலையில் தொங்குகிறது. பாகுபாட்டுச் சட்டம் விசா பார்ப்பதில்லை. புகார் கொடுத்தார் என்பதற்காகக் கிரீன் கார்டை மறுக்கும் விதியும் கிடையாது. ஆனால் புகார் நிலுவையில் இருப்பதாலேயே இங்கே தங்கும் உரிமையும் வராது. வேலை முடிந்ததிலிருந்து அதிகபட்சம் 60 நாள், உங்கள் ஐ-94, அதாவது இங்கே தங்க அனுமதித்த தேதியைக் காட்டும் பதிவு, அதற்கு முன் முடிந்தால் அது வரைதான். மார்ச் 13-லிருந்து எண்ணினால் மே 12. எட்டு வாரச் செவரன்ஸ் பணம் இந்தக் கெடுவை நீட்டாது. அதற்குள் புதுக் கம்பெனி எச்-1பி மனு போட்டுவிட்டால் நீங்கள் வேலையைத் தொடங்கலாம். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகி 180 நாள் கடந்திருந்தால் பழைய கம்பெனி வாபஸ் வாங்கினாலும் அந்த ஒப்புதல் நிற்கும், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதியும் போகாது. இதற்குத் தனியாகக் குடிவரவு வழக்கறிஞர் வேண்டும், இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்பிப் போக நேர்ந்தாலும் வழக்கு அங்கிருந்தே தொடரும்.

புது வேலை தேடுவதை நிறுத்தாதீர்கள். விண்ணப்பித்த இடங்களை எல்லாம் தேதியோடு குறித்து வையுங்கள். தேடவே இல்லை என்று காட்டினால் இழந்த சம்பளத்தைக் குறைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், சங்கடமானவற்றையும்கூட. லிங்க்டுஇன்னில் எதுவும் எழுத வேண்டாம். கம்பெனி ஆவணங்களை யாரையாவது விட்டு எடுத்து வரச் சொல்லாதீர்கள். உங்கள் வழக்கையே அது கெடுத்துவிடும். தேவையானதை வழக்கறிஞர் முறைப்படி கேட்டு வாங்குவார். அந்த இரண்டு பேர், இந்தியர் பற்றிய பேச்சைக் கேட்டவர்கள், அவர்களின் பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள். நீங்களே போன் செய்து பேச வேண்டாம்.

சந்திப்புக்குப் போகும்போது வேலையில் சேர்ந்தபோது கொடுத்த ஆஃபர் லெட்டரையும் எடுத்துப் போங்கள். அதில் தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்தான், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே தனியார் நடுவர் தீர்ப்பதுதான், என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால் நீதிமன்றமும் ஜூரியும் கிடையாது, வழக்கின் போக்கே வேறு. கூடவே ரேட்டிங் தாள்கள், அக்டோபர் 7 மெயிலின் பிரதி கைவசம் இருந்தால் அது, பிஐபி கடிதம், தேதிவாரியாக நீங்கள் எழுதிய இரண்டு பக்கம், அப்புறம் கையெழுத்து இடாத அந்த ஒப்பந்தம்.